கோட்டின் மேல் தைப்பவர்கள்

மாதனூர் தாண்டியதும் பஸ் இருமியது, உதறியது, நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக முதலில் ஏறியது வாசனைதான். சுண்ணாம்பில் ஊறிய தோலின் ஈர நாற்றம். அதற்குப் பின்னால், கொஞ்சம் கூச்சத்தோடு, பதப்பட்டு முடிந்த தோலின் இனிப்பு மணம். பக்கத்து சீட்டுப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடினாள். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். இருபத்தெட்டு வருடம் பின்னால் போய் விழுந்தேன்.

என் நிக்காஹ் அன்று எனக்குப் புதுத் தோல் செருப்பு வாங்கியிருந்தார்கள். செருப்புகள் இரண்டும் ஒரே அளவு. என் கால்கள் அப்படியில்லை. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் வலது காலை இடதைவிடச் சின்னதாக விட்டுவிட்டுப் போயிருந்தது. மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன், வலது செருப்பு கழன்று கழன்று விழ, அந்தப் புதுத் தோல் மணம் பட்டுச்சேலை வரை ஏறியது. எங்கள் காயல்பட்டினத்தில் வாப்பா வாயால் சொன்னால் நிக்காஹ் முடிந்தது. பெண்ணிடம் வருவது பதிவேடு மட்டும். மாமி அதை என் மடியில் வைத்து விரலால் இடம் காட்டினார். விரல் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். விரலுக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பெல்ட்டு போய்டிச்சி. பின்னால வர்ற வண்டில ஏத்தி வுடறேன், எல்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"தோல் ஊருக்கு வந்து பெல்ட்டுக்கா பஞ்சம்?" என்று பின்சீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்க, இறங்கும் எரிச்சலிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னால் வந்த வண்டியில் நின்றுகொண்டே ஆம்பூர் வந்து சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து தொப்பிகள் தெருவெங்கும் கலைந்துகொண்டிருந்தன. கடைப் பலகைகளில் தமிழும் உருதும் தோள் உரசி நின்றன. எங்கள் ஊரில் தொழுகை அரபியில், சண்டை தமிழில். இங்கே சண்டையும் உருதுவில். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு இது என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

ஒவ்வொரு முறையும் என்றால், இது மூன்றாவது முறை. என் கால்களுக்கு இந்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள். குல்ஷன். கடைசி ஜோடி தேய்ந்துபோய் அவளுக்கு போன் செய்தபோது, "வாங்க ஆபா, நல்ல நேரத்துல கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு நிக்காஹ். செருப்பையும் வாங்கிக்குங்க, பிரியாணியும் சாப்ட்டுப் போங்க" என்றாள். ஆபா என்றால் அக்கா. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இது இரண்டாவது நிக்காஹ்.

சனிக்கிழமை காலை ஒரு சின்னக் கடையில் இட்லியும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டேன். எங்கள் பக்கம் இடியாப்பமும் கறி ஆணமும் சேர்ந்தால் அது பெருநாள். இங்கே இட்லி வாரநாளிலேயே கூசாமல் பாயாவில் குளிக்கிறது. கைகழுவியும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருந்தன. அந்த விரல்களோடு குல்ஷன் வீட்டுக்குப் போனேன்.

ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் அவளுக்கு வேலை. தூர தேசங்களிலிருந்து படம் வரும். படத்தைப் பார்த்து முதல் ஜோடியைத் தைப்பவள் அவள். அந்த ஒன்று சரியாக வந்தால்தான் ஆயிரம் ஜோடிக்கு மிஷின்கள் ஓடும். வீட்டிலும் ஒரு தையல் மிஷின் வைத்திருக்கிறாள். அலமாரியில் என் கால்களின் அச்சு இரண்டும் இருந்தன, 'காயல் ஆபா' என்று எழுதி. உலகத்தில் என் வலது காலையும் இடது காலையும் வேறு வேறாக நினைவில் வைத்திருக்கிற ஒரே அலமாரி.

கறுப்புத் தோலை விரித்து சில்வர் ரீஃபிலால் கோடு வரைந்தாள். பேனாவுக்குள் போடுகிற அதே மெல்லிய ரீஃபில்தான், மை மட்டும் வெள்ளி நிறம். இருட்டுத் தோலில் ஓர் ஒற்றையடிப் பாதை மினுங்கியது. ஊசி அந்தப் பாதையின் மேலேயே நடந்தது. தைத்து முடித்ததும் ஈரத் துணியால் துடைத்தாள். கோடு போயிற்று. தையல் நின்றது.

"நாளைக்கு ஒரு கலாட்டா இருக்கு, ஆபா" என்றாள், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல். "பயந்துக்கக் கூடாது."

நிக்காஹ் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறதாம். ஷர்த்து, அதாவது நிபந்தனை, எழுதுகிற கட்டம். இந்த ஊரில் அதில் யாரும் எதுவும் எழுதிப் பார்த்ததில்லை. குல்ஷன் இரண்டு எழுதச் சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணு, நான் வேலைக்குப் போவேன், யாரும் தடுக்கக் கூடாது. ரெண்டு, ஒத்து வரலன்னா நானே பிரிஞ்சிக்கற உரிமைய அவரு எனக்கு எழுதிக் குடுக்கணும். வேலூர்ல மார்க்கம் படிச்ச ஒரு ஆலிமாகிட்ட போய்க் கேட்டேன். 'இது மார்க்கத்துலயே இருக்கும்மா, கேட்டா குடுக்கணும், கேக்கத்தான் ஆளில்ல'ன்னாங்க."

முதல் கல்யாணத்தில் இரண்டாவது மாதமே வேலையை நிறுத்தினார்கள். பிறகு அந்த ஆள் அவளைச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை. விடுதலை கேட்டு ஜமாத்துக்கு நடந்தாள். கிடைக்க நான்கு வருடம் ஆயிற்று.

"உள்ள என் அண்ணன் பேசுவாரு. பொம்பளைங்க உள்ள வரக் கூடாது. நான் வெளிய ஆட்டோல ஒக்காந்திருப்பேன். உள்ள என் வாழ்க்கையப் பத்தி பேசறாங்க, என் காதுக்கு ஆட்டோக்காரரு ரேடியோதான் கேக்குது. நாலு வருஷம் ஆபா. இனிமே ஆட்டோல ஒக்கார முடியாது."

என் நிக்காஹைப் பற்றி, மாமியின் விரலைப் பற்றி அவளிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "நீங்க படிச்சவங்க. புஸ்தகம்லாம் எழுதறவங்க. உங்களுக்கே வெரலா?"

மாப்பிள்ளை அன்வர் மேல்விஷாரத்துக்காரர், மனைவியை இழந்தவர். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்து, அதன் முதுகில் தரத்தை எழுதுவது அவர் வேலை. அவர் நல்ல தரம் என்று எழுதி அனுப்பிய தோலில் ஓட்டை இருக்கிறது என்று குல்ஷன் திருப்பி அனுப்பியதில் ஆரம்பித்த பழக்கம். "மொத மொத பேசுனதே சண்டைதான்" என்று பெருமையாகச் சொன்னாள். நிபந்தனைகளுக்கு அவர் வாயளவில் சரி சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் சொல்வாரா என்பது நாளைக்குத்தான் தெரியும்.

மத்தியானம் அவளுடைய அண்ணன் வந்தார். வந்ததும் உருதுவில் பொரிந்தார். அறையில் என்னோடு இருந்தவள் செல்வி. குடியாத்தம் நெசவுக் குடும்பத்துப் பெண், குல்ஷனோடு ஒரே லைனில் பல வருடம் தைத்தவள், உருது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நானும் குல்ஷனும் ஒரே திசை பார்த்துத் தொழுகிறவர்கள். அவள் வீட்டுச் சண்டையை எனக்குச் சொல்ல நெற்றியில் பொட்டு வைத்த செல்வி வேண்டியிருந்தது.

"'ஊர்ல எவ பொண்ணாவது இப்டி கேட்டிருக்காளா'ன்றாரு" என்று என் காதில் முணுமுணுத்தாள். "அக்கா, 'கேக்காத பொண்ணா இருந்துதான் பாத்தேனே'ன்றாங்க. 'உனுக்கு நாக்கு ஜாஸ்தி'ன்றாரு. அக்கா, 'உங்களுக்குக் காது கம்மி'ன்றாங்க." செல்வி சிரிப்பை விழுங்கினாள். பிறகு அண்ணன் மெதுவாக ஒன்று சொன்னார். செல்வி உடனே மொழிபெயர்க்கவில்லை.

"இன்னா சொன்னார்?" என்றேன். ஒரு நாளில் அந்த ஊர் என் நாக்கில் ஏறியிருந்தது.

"'நாளைக்கி நிக்காஹ் நின்னுச்சின்னா, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத'ன்றாரு."

 குல்ஷன் மிஷினை மிதித்தாள். என் வலது செருப்பின் ஓரம் ஒரே மூச்சில் தைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். வாசல் சுவர் ஆணிகளில் புர்காக்கள் வரிசையாகத் தொங்கின. அதைக் கடந்தால் ஒரே பச்சை, ரோஜா, மயில்கழுத்து நீலம். எங்கள் ஊரிலும் இதே கதைதான். பெண்கள் நடக்கவென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகள் உண்டு. வீடும் பெண்ணின் பெயரில். மாப்பிள்ளைதான் மூட்டை முடிச்சோடு வந்து குடியேறுவார். வீடு எங்களுடையது, முடுக்கு எங்களுடையது. பதிவேட்டின் பக்கம் மட்டும் எங்களுடையது இல்லை.

பதினொரு மணிக்கு மாமூ படியேறி வந்தார். குல்ஷனின் தாய்மாமன், கனத்த மனிதர், மூட்டு வலி. இவர்கள் வழக்கப்படி பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுப்போகும் வக்கீல் அவர்தான். பின்னால் இரண்டு சாட்சிகள். இன்னாருடைய மகன் அன்வரை, இன்ன மஹருக்கு, அதாவது மணக்கொடைக்கு, ஏற்கிறாயா என்று கேட்டார். குல்ஷன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம் மட்டும்.

"வெக்கப்படறா. சொல்லிட்டா, சொல்லிட்டா, போங்க" என்றார் ஒரு பெரியம்மா. பெண் பேசாவிட்டால் சம்மதம். அதுதான் இங்கே பழக்கம். மாமூவும் திருப்தியாகத் திரும்பினார்.

"மாமூ, நில்லுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

மாமூ திரும்பிப் பார்த்தார். செல்வி என் தோளில் சாய்ந்து வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் பேசாம இருந்தா சரின்னு அர்த்தம் இல்ல மாமூ. ஷர்த்து எழுதியாச்சான்னு கேட்டு வாங்க. அப்பறம் சொல்றேன்."

மாமூ இறங்கினார். பத்து நிமிடம் கழித்து ஏறி வந்தார், ஒவ்வொரு படிக்கும் ஒரு யா அல்லாஹ்வோடு. மாப்பிள்ளையின் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லையாம். 'எங்க குடும்பத்துல இப்படி எழுதிக் குடுத்து எவனும் கல்யாணம் பண்ணது இல்ல' என்றாராம்.

"அவரு தம்பிய கேட்டீங்களா?" என்றாள் குல்ஷன். "நான் அவரு அண்ணனக் கட்டிக்கல."

மாமூ மறுபடி இறங்கினார். குல்ஷன் மருதாணிக் கைகளைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். நான் உள்ளே கைவிட்டுப் பிடித்தேன். தோலை ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டுகிற அந்தக் கை என் விரல்களை இறுக்கிக்கொண்டது. "அண்ணன் வீடு போச்சின்னா செல்வி வீட்லதான் படுக்கணும்" என்றாள் என்னிடம், தமிழில்.

"வாங்கக்கா, பாய் இருக்கு. தலகாணிதான் கம்மி" என்றாள் செல்வி.

அதற்குள் கீழே சமையல்கட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்தது. தம் உடைக்கணும், மாஸ்டர் பேஜார் ஆகறார், இன்னும் எவ்வளவு நேரம். சீரக சம்பா காத்திருக்காது. பெரியம்மாக்கள் என்னை முறைத்தார்கள், இந்த யோசனையைத் தெற்கிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தது நான்தான் என்பது போல.

மூன்றாவது முறை மாமூ வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"மாப்ள எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னுட்டாரும்மா. 'தோல் எவ்ளோ நல்லாருந்தாலும் தரம் எழுதாம அனுப்ப மாட்டேன். எழுதறதுக்கு பயப்படறவன் கைல சரக்கு சரியில்லன்னு அர்த்தம். எழுதுங்க'ன்னுட்டாரு. அவங்கண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கினாரு."

மாடி முழுக்க ஒரு மூச்சு விட்டது. மாமூ கையை உயர்த்தினார். "இருங்க. இன்னொரு சங்கடம். எழுத எடம் இல்ல."

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஸ்ரத்தே மேலே வந்து, திரைக்கு அப்பால் நின்றார்; திரைக்குக் கீழே அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. வயதான, களைத்த குரல். அவர் சொன்னதைச் செல்வி எனக்குச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அந்தக் கட்டத்தில் யாரும் எதுவும் எழுதுவதில்லை என்பதால், புதுப் புத்தகம் கைக்கு வந்ததுமே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் கோடு இழுத்துவிடுவாராம். பெண் யார், பிள்ளை யார் என்று தெரிவதற்கு முன்பே. இனி பிறக்கப்போகிற நிக்காஹ்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"கோடு போட்ட கட்டத்துல எழுதக் கூடாதும்மா. அடிச்சது அடிச்சதுதான். வாயால சொன்னது அல்லாஹ்வுக்குத் தெரியும், போதாதா?"

குல்ஷன் எழுந்து நின்றாள். மணப்பெண் எழுந்து நிற்பது அங்கே பழக்கமில்லை என்பதை அந்தப் பெரியம்மாவின் முகத்தில் பார்த்தேன்.

"ஹஸ்ரத், உங்க கால்ல போட்டிருக்கீங்களே, அந்த மாதிரி செருப்பு பத்தாயிரம் தெச்சிருப்பேன். நாங்க கோடு போட்டுத்தான் தெப்போம். கோடு போட்டா அந்த எடம் முடிஞ்சிபோச்சின்னு அர்த்தமில்ல, அங்கதான் ஊசி எறங்கணும்னு அர்த்தம். கோட்டுக்கு மேல ஒண்ணு எழுதுங்க, கீழ ஒண்ணு எழுதுங்க. ரெண்டு ஷர்த்துதான. எடம் போதும்."

 செல்வி பழக்கதோஷத்தில் தன் பையிலிருந்து சில்வர் ரீஃபிலை எடுத்து நீட்டினாள்.

"அது வேணாண்டி. தொடச்சா போய்டும். பால்பாயிண்ட் குடு."

முதலில் சிரித்தது ஹஸ்ரத்தான். தாடிக்குள்ளிருந்து இருமலாகக் கிளம்பி, சிரிப்பாக முடிந்தது. பிறகு மாடியே சிரித்தது. முறைத்துக்கொண்டிருந்த பெரியம்மாகூட முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டார்.

அவர் எழுதினார். கோட்டுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. புத்தகம் கீழே போய் அன்வரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. மாமூ அதை குல்ஷனின் மடியில் வைத்து, குனிந்து, "இங்க போடும்மா" என்று விரலை வைத்தார்.

குல்ஷன் அந்த விரலை இரண்டு விரல்களால் பிடித்து, மரியாதையாக, ஒரு நூல்பிசிறை எடுத்து வைப்பது போலத் தள்ளி வைத்தாள். பிறகு படித்தாள். முதல் வரியிலிருந்து, வாய்விட்டு, தன் பெயர், அவர் பெயர், மஹர், கோட்டுக்கு மேலே உள்ளது, கோட்டுக்குக் கீழே உள்ளது. உருது எனக்குப் புரியவில்லை. ஒரு சொல்லும் விடாமல் புரிந்தது.

கையெழுத்துப் போட்டாள். மாமூ கேள்வியை மறுபடி கேட்டார். "கபூல்" என்றாள். ஏற்றேன். நாற்பது மிஷின் ஓடும் கூடத்தில் பேசிப் பழகிய குரல் அது. கீழே ஆண்கள் தலையைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை இன்னும் உரக்க.

பிரியாணி அடிபிடித்திருந்தது. லேசாகத்தான். எண்ணெய்க் கத்திரிக்காயைப் போட்டுப் பிசைந்தால் அந்தத் தீய்ந்த வாசனையே ஒரு ருசியாக ஏறியது. "ஷர்த்து பிரியாணி" என்று பந்தியில் யாரோ பெயர் வைக்க, தட்டுக்குத் தட்டு அந்தப் பெயர் தாவியது. கைகழுவும் இடத்தில் கம்பெனிப் பெண்கள் மூன்று பேர், கல்யாணமாகாதவர்கள், போனில் எதையோ பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பதிவேட்டின் பக்கம்.

அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டார். குல்ஷன் மாடி ஜன்னலில் நின்று அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள். ஒரு மக்கன் பேடாவை எடுத்து டப்பாவில் போட்டு மாமூவிடம் கொடுத்தாள். "அவருக்குக் குடுங்க. இனிப்புன்னா வுடமாட்டாரு." வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டுக்கு முன்னால் அவளுக்காக நின்றேன். நிக்காஹுக்கு மறுநாள். அன்வர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எனக்கு ஒரு சலாம் வைத்து, வெட்கத்தோடு கிளம்பிப் போனார். மருதாணி சிவந்த கையில் அட்டைப் பெட்டி.

"லீவு போட்டிருக்கலாமே" என்றேன்.

"எழுதுன மறுநாளே லீவா? நல்லாருக்கே கதை." சிரித்தாள். "காலைல மாமூ போன் பண்ணாரு. ஹஸ்ரத் அடுத்த புது புஸ்தகத்துல முன்னாடியே கோடு போட மாட்டாராம். 'நிக்காஹ் முடிஞ்சப்பறம் போட்டுக்கறேன், கம்பெனி பொண்ணுங்கள நெனச்சா பயமாருக்கு'ன்னாராம்."

பெட்டியைத் திறந்தேன். அந்த மணம் வந்தது. இந்த முறை அது என்னை எங்கும் பின்னால் இழுத்துப் போகவில்லை. செருப்புகளைப் போட்டுக்கொண்டு கேட்டிலிருந்து டீக்கடை வரை நடந்தேன், டீக்கடையிலிருந்து கேட் வரை நடந்தேன். இடது, வலது. எதுவும் கழலவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் போலிருந்தது. போக வேண்டிய இடம் ஒன்று எனக்கும் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலுவலகத்தில், பீரோவில், இருபத்தெட்டு வருடம் பழைய புத்தகம் ஒன்று.

சங்கு ஊதியது. பெண்கள் ஓடினார்கள், டிபன் பாக்ஸ்கள் குலுங்க. கேட்டுக்குள் இருந்து செல்வி, "அக்கா, டைம்!" என்று கத்தினாள். குல்ஷன் ஓடினாள், பாதியில் நின்றாள், திரும்பி, அந்த மிஷின் கூடத்துக் குரலில், தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"ஊருக்குப் போனதும் உங்க பக்கத்த எடுத்து வாய்விட்டுப் படிங்க, ஆபா. கோடு இருந்தா எனக்கு போன் பண்ணுங்க!"